ஆன்லைன் போக்கர் டோர்னமென்ட்டில் நெஞ்சு படபடக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துப் பிள்ளைகளும், இங்கிருந்து சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனவர்களும் சேர்ந்து சனிக்கிழமை ராத்திரி ஆன்லைனில் போக்கர் டோர்னமென்ட் ஆடுகிறோம். நுழைவுக் கட்டணம் கிடையாது, பரிசுப் பணமும் கிடையாது. ஆளுக்கு 10,000 சிப்ஸ், எல்லாம் திரையில் தெரிகிற வெறும் எண்கள். ஜெயித்தவர் பெயர் அடுத்த சனிக்கிழமை வரை வாட்ஸ்அப் குழுவின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

ஆட்டத்தை நடத்துவது நான் என்பதால் கேள்விகள் என்னிடம் வரும். கார்டைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு, பயத்தைப் பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம். அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஆளுக்கு இரண்டு கார்டு மறைவாக வரும், நடுவில் ஐந்து கார்டு பொதுவாகத் திறக்கப்படும். ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்தவர் ஜெயிப்பார், இல்லையென்றால் மற்ற எல்லோரையும் கார்டை வீச வைத்தவர், அதாவது விலக வைத்தவர் ஜெயிப்பார். இப்படி ஒரு தடவை கார்டு பிரித்து ஆடி முடிப்பதை ஒரு கை என்போம்.

காசே கட்டவில்லையே, அப்புறம் ஏன் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது?

இழப்பதற்குக் காசைத் தவிரவும் நம்மிடம் நிறைய இருக்கிறது. மூன்று மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து சேர்த்த சிப்ஸ் ஒரே கையில் மொத்தமாகப் போய்விடலாம். அதை அத்தானும் சித்தப்பா மகனும் அதே டேபிளில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். மறுநாள் செக்காலை டீக்கடையில் எதிர்ப்படுகிறவன், "என்னடா, ராணி ஜோடியை வச்சுக்கிட்டுப் போய் விழுந்துட்டியாமே?" என்று கேட்பான். காசு போவதற்கும் நாலு பேர் முன்னால் மானம் போவதற்கும் உடம்பு ஒரே மாதிரிதான் பதறுகிறது.

ஆனால் எல்லா நேரமும் ஒரே அளவு பதற்றம் வருவதில்லை. எப்போது அதிகம் வருகிறது என்று அடுத்த ஆட்டத்தில் கவனித்துப் பாருங்கள். கார்டை வீசியபின் வராது. ஆல்-இன் அழுத்தியபின், அதாவது கையிலிருக்கும் சிப்ஸ் மொத்தத்தையும் வைத்தபின், பாதி குறைந்துவிடும். கடிகாரம் ஓட, என்ன செய்வது என்று தெரியாமல் விரலைப் பட்டன் மேல் வைத்துக்கொண்டிருக்கும் அந்தப் பத்துப் பதினைந்து விநாடியில்தான் உச்சத்துக்குப் போகும். முடிவெடுக்காமல் நிற்பதுதான் படபடப்பின் பெரும்பகுதி. அதனால் கீழே நான் சொல்வதில் முக்கால்வாசி, முடிவை முன்கூட்டியே எடுத்து வைப்பது எப்படி என்பதைப் பற்றித்தான்.

கை சில்லிட்டுப் போகிறது, வயிற்றில் புளியைக் கரைக்கிறது. இது சாதாரணம்தானா?

சாதாரணம்தான். ஆபத்து என்று மூளைக்குத் தோன்றினால் அட்ரினலின் சுரக்கும். இதயம் வேகமாக அடிக்கும். ரத்தம் தோலையும் வயிற்றையும் விட்டுப் பெரிய தசைகளுக்குப் போகும், அதனால்தான் விரல் நுனி சில்லிடுகிறது, வயிறு பிசைகிறது. நேரில் உட்கார்ந்து ஆடும் போக்கரில் ஒருவர் பந்தயம் வைக்கும்போது கை நடுங்கினால், அனுபவசாலிகள் அவரிடம் நல்ல கார்டு இருக்கிறது என்றே கணிப்பார்கள். ஆன்லைனில் அந்தத் தொல்லை இல்லை. உங்கள் கை நடுங்குவது உங்கள் போனுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆட்டம் முடிந்தும் மார்பில் வலியோ மூச்சுத் திணறலோ தொடர்ந்தால், அல்லது ஆடாத நாளிலும் அப்படி வந்தால், மருத்துவரிடம் போங்கள். அதற்கு இங்கே பதில் தேடாதீர்கள்.

காசு வைத்து ஆடினால்தான் பயம் தெளியும் என்கிறான் நண்பன். ஆடலாமா?

ஆடக்கூடாது. முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், இதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது.

ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகள் தமிழ்நாட்டில் வரிசையாக வந்தபின், 2022ல் ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. அதன் தொடர்ச்சியாக வந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட விளையாட்டுகள் என்று அந்தச் சட்டம் சொன்ன பகுதியை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது, இரண்டும் திறமை சார்ந்தவை என்பது அதன் நிலைப்பாடு. பிறகு 2025 பிப்ரவரியில் மாநில ஆன்லைன் விளையாட்டு ஆணையம் விதிகளைக் கொண்டுவந்தது: காசு ஆட்டத்துக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயம், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கிடையாது. அந்த விதிகளை அதே ஆண்டு ஜூனில் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அடுத்து ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஓரமாக வைத்துவிட்டது. காசு கட்டிக் காசு எடுக்கும் எந்த ஆன்லைன் ஆட்டத்தையும் நடத்தக்கூடாது, மீறி நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். அதன்பின் இந்திய போக்கர் செயலிகள் காசு டேபிள்களை மூடிவிட்டன. இப்போது டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் "வெளிநாட்டு ஆப், ஒன்றும் ஆகாது" என்று யாராவது லிங்க் அனுப்பினால், உங்கள் பணத்துக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லாத இடத்துக்குக் கூப்பிடுகிறார் என்று பொருள்.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அந்த நண்பர் சொல்வது தப்பு. சிப்ஸ் போகும் என்ற பயத்தைப் பழக்கத்தால் வெல்லலாம். வீட்டு வாடகை போகும் என்ற பயம் உங்களைக் காப்பாற்ற வந்தது. அதைத் தெளிய வைக்க முயல்வது, எரியும்போது கையை எடுக்காமல் இருக்கப் பழகுவதற்குச் சமம்.

ரம்மி ஆடும்போது இவ்வளவு படபடப்பு இல்லையே, டோர்னமென்ட்டில் மட்டும் ஏன்?

கல்யாண வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், ராத்திரி முழுக்க ரம்மி ஆடியிருப்பீர்கள். ஒரு ஆட்டம் போனால் கட்டைக் கலைத்து அடுத்த ஆட்டம் போடுவார்கள். டோர்னமென்ட்டில் அடுத்த ஆட்டம் கிடையாது, சிப்ஸ் தீர்ந்தால் எழுந்திருக்க வேண்டியதுதான். இரண்டாவது காரணம் பிளைண்ட். ஒவ்வொரு கைக்கும் இரண்டு பேர் கார்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்க வேண்டிய தொகை அது, எங்கள் ஆட்டத்தில் 12 நிமிடத்துக்கு ஒரு தடவை ஏறும். நல்ல கார்டு வரட்டும் என்று சும்மா உட்கார்ந்திருந்தாலும் சிப்ஸ் கரைந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவது வேகம். நேரில் சீட்டைக் கலைத்துப் போட்டு ஆடினால் மணிக்கு 25, 30 கை போகும். ஆன்லைனில் ஒரே டேபிளில் 60, 70 கை வரும். ஒரு தோல்வியை ஜீரணிக்கும் முன் அடுத்த இரண்டு கார்டு வந்து நிற்கும்.

நல்ல கார்டு வந்தால்தான் எனக்குப் பயமே வருகிறது. இது என்ன கோளாறு?

கோளாறு இல்லை, கணக்கு. 52 கார்டில் இரண்டு கார்டு 1,326 விதமாக வரலாம். அதில் ஏஸ் ஜோடி ஆறே விதம்தான். அதாவது 221 கைக்கு ஒரு தடவை. மூன்று மணி நேர டோர்னமென்ட்டில் ஏறக்குறைய ஒரே தடவைதான் அது கண்ணில் படும். அது வந்ததும் 'இதை வீணடித்துவிடக் கூடாதே' என்று பதறுவது இயல்பு.

இதற்கு மருந்து, அந்த கார்டுக்கு என்ன செய்வேன் என்பதை வெள்ளிக்கிழமையே முடிவு செய்துவிடுவது. எனக்கு முன்னால் யாரும் ஏற்றவில்லை, அதாவது பெரிய பிளைண்டுக்கு மேல் வைக்கவில்லை என்றால் பிளைண்டைப் போல இரண்டரை மடங்கு வைப்பேன். யாராவது ஏற்றியிருந்தால் அதைப் போல மூன்று மடங்கு வைப்பேன். இவ்வளவு போதும். ஏஸ் ஜோடிக்கும், ராஜா ஜோடிக்கும், ஏஸ்-ராஜாவுக்கும் ஒரே அளவு வைத்துப் பழகினால் எதிராளிக்கும் ஒன்றும் புரியாது, உங்களுக்கும் யோசிக்க எதுவும் இருக்காது.

ஆல்-இன் பட்டனை அழுத்தும்போது கை நடுங்குகிறது. எத்தனை தடவை ஆடினாலும் போகவில்லை.

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

ஒரு நிலவரத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்பது பேர் டேபிள். சின்ன பிளைண்ட் 500, பெரிய பிளைண்ட் 1,000, அதோடு ஆண்டி என்று டேபிளுக்குப் பொதுவாக இன்னொரு 1,000. ஆகக் கார்டு பிரித்ததும் நடுவில் 2,500 கிடக்கிறது. உங்களிடம் மிச்சம் 9,000. ஒரு சுற்று வந்தால் உங்கள் பங்குக்கு 2,500 போகும், நான்கு சுற்றுகூடத் தாங்காது. கையில் ஏஸும் எட்டும், வேறு வேறு ஜாதி, ஒன்று இஸ்பேட், ஒன்று கிளாவர்.

முதல் ஆளாக நீங்கள் பேச வேண்டிய இடத்தில் இருந்தால் வீசிவிடுங்கள். உங்களுக்குப் பின்னால் எட்டுப் பேர் இருக்கிறார்கள், யாரோ ஒருவரிடம் அதைவிட நல்ல கார்டு இருக்க வாய்ப்பு அதிகம். அதே ஏஸ்-எட்டு, எல்லோரும் வீசிவிட்டுக் கடைசிக்கு முந்தி உங்களிடம் வந்து, பிளைண்ட் வைத்த இரண்டு பேர் மட்டும்தான் பாக்கி என்றால் ஆல்-இன். இரண்டு பேரும் பயந்து வீசினால் சண்டையே இல்லாமல் 2,500 வரும். உங்கள் சிப்ஸ் கால் பங்குக்கு மேல் கூடிவிடும். ஒருவர் மோதினாலும் உங்களுக்கு ஜெயிக்க வழி இருக்கிறது.

கவனித்தீர்களா, இரண்டு இடத்திலும் கார்டு ஒன்றுதான். இடம் மாறினால் முடிவு மாறுகிறது. அந்த முடிவுகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம்: சிப்ஸ் பத்து பிளைண்டுக்குக் கீழே போனால், எந்த இடத்தில் எந்த கார்டுக்கு ஆல்-இன், எதற்கு வீசுவது. பெரிய ஆட்டக்காரர்கள் பலர் இப்படி ஒரு பட்டியலை மனப்பாடம் செய்திருப்பார்கள். அழகப்பா கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி அதைப் பேனாவால் எழுதி, லேப்டாப் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறான். அவன் கை இப்போதும் கொஞ்சம் நடுங்கும், ஆனால் அது முடிவை மாற்றுவதில்லை. 'அழுத்தலாமா?' என்று கேட்டுக்கொண்டிருந்தவன் இப்போது 'தாளில் என்ன போட்டிருக்கிறது?' என்று பார்க்கிறான்.

80 சதவீதம் ஜெயிக்கிற கையும் தோற்கிறது. இதற்குப்பின் எப்படி நிம்மதியாக ஆடுவது?

ஏஸ் ஜோடி, ராஜா ஜோடியோடு மோதினால் ஏறக்குறைய 82 சதவீதம் ஏஸ் ஜெயிக்கும். நூற்றில் 18 தடவை ராஜா ஜெயிக்கும். 18 என்பது சின்ன எண் இல்லை. ஏஸ்-ராஜாவுக்கும் ராணி ஜோடிக்கும் மோதல் என்றால் ராணிக்குத்தான் லேசான மேல்கை, 57க்கு 43. டோர்னமென்ட் ஆட்டக்காரர்கள் பலர் வெளியே போவது இந்த மாதிரி கிட்டத்தட்ட சரிபாதி மோதல்களில்தான்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். 80 சதவீதம் சாதகமான நிலையில் மூன்று தடவை ஆல்-இன் ஆகிறீர்கள். மூன்றிலும் ஜெயிக்கும் வாய்ப்பு 51 சதவீதம்தான். ஐந்து தடவை என்றால் 33 சதவீதம். அதாவது எல்லாவற்றையும் சரியாகச் செய்தவரும் பெரும்பாலான சனிக்கிழமைகளில் தோற்றுத்தான் போவார். இது மனத்தில் இறங்கியவர்களுக்குத் தோல்வியின் மேல் இருக்கும் பயம் கணிசமாகக் குறைவதை நான் பார்த்திருக்கிறேன். இந்தத் தோல்வியில் கெட்ட பெயர் எதுவும் இல்லையே.

கடிகாரம் டிக் டிக் என்று ஓடும்போது மூளை நின்றுவிடுகிறது.

ஒலியை அணைத்துவிடுங்கள். கூடுதல் நேரம் என்று ஒரு சேமிப்பு எல்லோருக்கும் இருக்கிறது, அதைச் சின்னச் சின்ன கைகளில் செலவழிக்காமல் கடைசி ஒன்பது பேர் டேபிளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், சுலபமான முடிவையும் இரண்டு மூன்று விநாடி விட்டே அழுத்துங்கள். உடனே அழுத்தினால் 'இவனிடம் ஒன்றுமில்லை' என்று எதிராளி படித்துவிடுவான், எப்போதும் ஒரே இடைவெளி விட்டால் படிக்க ஒன்றும் கிடைக்காது.

கடைசி ஒன்பது பேர் டேபிளுக்கு ஒரு இடம்தான் பாக்கி என்றால் எனக்கு மூச்சே முட்டுகிறது. அந்த நேரத்தில் எல்லா கார்டையும் வீசிவிடலாமா?

இந்தக் கட்டத்துக்கு பபிள் என்று பெயர். பரிசுப் பணம் உள்ள டோர்னமென்ட்டில், பணம் கிடைக்கும் இடத்துக்கு ஒரு படி முன்னால் அடக்கி ஆடுவதற்கு நியாயம் உண்டு. அங்கே நீங்கள் இழக்கும் ஆயிரம் சிப்ஸின் மதிப்பு, புதிதாகச் சேரும் ஆயிரம் சிப்ஸின் மதிப்பைவிட அதிகம். எங்கள் ஆட்டத்தில் ஒன்பதாவது வந்தாலும் பத்தாவது வந்தாலும் கைக்கு எதுவும் வரப்போவதில்லை. முதல் இடம் ஒன்றுதான் கணக்கு. அப்படியிருந்தும் பபிளில் எல்லோரும் கோழிக்குஞ்சு மாதிரி ஒடுங்கிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் துணிந்து ஏற்றுகிறவருக்குத்தான் பிளைண்ட் எல்லாம் போய்ச் சேருகிறது. உங்களுக்கு மூச்சு முட்டும்போது மற்றவர்களுக்கும் முட்டுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

நடு ஆட்டத்தில் நெட் போய்விடுமோ என்ற பயம்தான் எனக்குப் பெரிது.

நம் ஊர்ப் பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு இது நியாயமான பயம். சுவர் அவ்வளவு கனம், வளவுக்குள் உட்கார்ந்தால் ஒரு கோடுகூட சிக்னல் வராது. அதே போன் முகப்புக்கு வந்தால் நாலு கோடு காட்டும். பள்ளத்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ரௌட்டர் இரண்டாம் கட்டில், அதாவது வீட்டின் பின்பக்கத்தில் இருந்தது, பையன் முகப்பில் ஆடிக்கொண்டு வாரா வாரம் நெட்டைத் திட்டிக்கொண்டிருந்தான். நீளமான வயர் இழுத்து ரௌட்டரை முகப்பு மாடத்துக்குக் கொண்டுவந்ததும் பிரச்சினை தீர்ந்தது.

தொடர்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், தெரியாததுதான் பாதி பயம். உங்கள் நேரம் தீரும்வரை டேபிள் காத்திருக்கும். அதன்பின் சிப்ஸ் கேட்காத இடத்தில் செக் ஆகும், அதாவது எதுவும் வைக்காமல் அடுத்தவரிடம் போகும், கேட்கும் இடத்தில் உங்கள் கார்டு வீசப்படும். பிளைண்ட் முறைப்படி கழிந்துகொண்டிருக்கும். ஆல்-இன் ஆனபின் தொடர்பு போனால் கவலையே வேண்டாம், நீங்கள் இல்லாமலே கார்டு திறக்கும். ஆன்லைன் போக்கரின் ஆரம்ப காலத்தில், தொடர்பு போனவருக்கு அதுவரை வைத்த சிப்ஸோடு மோதலை முடித்துக்கொள்ளும் சலுகை சில தளங்களில் இருந்தது. வேண்டுமென்றே இணைப்பைப் பிடுங்கிவிட்டு அதைப் பயன்படுத்தினார்கள், அதனால் எடுத்துவிட்டார்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பகலில்தான் வரும், சனிக்கிழமை ராத்திரிக்குப் பயம் இல்லை. இடி மழைக்கு மட்டும் போனில் சார்ஜும் ஹாட்ஸ்பாட்டுக்கு டேட்டாவும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பாவும் அதே டேபிளில் இருக்கிறார். அவரை ஏமாற்றி ஆட மனசு வரவில்லை, கை பின்வாங்குகிறது.

இந்தக் கேள்வி நம் பக்கத்துப் பிள்ளைகளிடமிருந்துதான் அதிகம் வருகிறது. முக்கியமாகப் பெண் பிள்ளைகளிடமிருந்து.

கையில் ஒன்றும் இல்லாதபோது இருப்பது போல ஏற்றுவதை பிளஃப் என்கிறோம். அது ஏமாற்று வேலை இல்லை. ஆட்டத்தின் விதியிலேயே இருக்கிறது, உட்காரும்போதே எல்லோரும் ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறோம். பெரியப்பாவும் உங்களிடம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார், அதுவும் கூச்சமே இல்லாமல்.

புதுவயல் தங்கச்சி ஒருத்தி இப்படித்தான். பெரியப்பா ஏற்றினால் நல்ல ஜோடியைக்கூட வீசிவிடுவாள். அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார், அவள் பிளைண்ட் வைக்கும் ஒவ்வொரு முறையும் ஏற்றி எடுத்துக்கொண்டே இருந்தார். ஒரு சனிக்கிழமை கடைசி நாலு பேருக்கு வந்துவிட்டார்கள். நடுவில் அதுவரை திறந்த மூன்று கார்டு ராஜா, ஏழு, ஏழு. இவள் கையில் ஒன்பதும் எட்டும், சொந்தமாக ஒரு ஜோடிகூட இல்லை. அவர் கொஞ்சமாக வைத்தார். இவள் மொத்தத்தையும் வைத்துவிட்டாள். அவர் கூடுதல் நேரம் முழுவதையும் செலவழித்து யோசித்து, வீசினார். ஐந்து நிமிடத்தில் போன்: "என்னம்மா வச்சிருந்தே?" அவள் சொல்லவில்லை. மறுநாள் வீட்டுக்கு வந்தவர் ஆச்சியிடம், அதாவது அவள் அக்காவிடமும் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார். கோபம் துளியும் இல்லை. அதற்குப்பின் அவள் பிளைண்டை அவர் சும்மா தொடுவதில்லை.

மரியாதையைப் பேச்சில் காட்டுங்கள். சாட்டில் பெரியவர்களை ஒருமையில் எழுதாதீர்கள், ஜெயித்தால் சிரிப்புப் பொம்மை போடாதீர்கள். சிப்ஸில் மரியாதை காட்ட வேண்டியதில்லை.

ஒரு பெரிய கை போனதும் கோபத்தில் மிச்சத்தையும் தொலைத்துவிடுகிறேன்.

இதை டில்ட் என்பார்கள். படபடப்புக்கு நேர் எதிராகத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருபவை. போனதை உடனே மீட்க வேண்டும் என்ற அவசரம்தான் இது.

எங்கள் குழுவில் எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. பெரியவர்கள் ஐந்தொகை போட்டு ஆண்டுக் கணக்கை முடித்த ஊர் இது, அதனால் சொல்வதும் சுலபமாக இருக்கிறது. ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கை ஒன்று முடிந்ததும், ஜெயித்தாலும் தோற்றாலும், ஒரே வரி எழுதுங்கள்: என்னிடம் என்ன இருந்தது, எந்த இடம், என்ன செய்தேன். பக்கத்தில், அந்த நேரத்தில் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் முடிவு சரியா தப்பா என்று மட்டும் குறியுங்கள். யார் ஜெயித்தது என்பதை எழுதாதீர்கள். அந்த வரியை எழுத இரண்டு கை நேரம் ஆகும், அந்த இரண்டு கையையும் வீசிவிடுங்கள். ரத்தம் இறங்க அந்த நேரம் போதும். மாதக் கடைசியில் நோட்டைப் பார்த்தால், தோற்ற கைகளில் பாதிக்கு மேல் 'சரி' என்று இருக்கும். ஜெயித்த கைகள் சிலவற்றில் 'தப்பு' என்றும் இருக்கும், திருத்த வேண்டியது அவற்றைத்தான்.

மூச்சுப் பயிற்சி உதவுமா? காபி?

மூச்சு உதவும். இழுப்பதைவிட விடுவதை நீளமாக வையுங்கள், நாலு எண்ணும் வரை இழுத்து ஆறு எண்ணும் வரை விடுவது. மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே குறையும், அதை நீட்டுகிறோம். கார்டு பிரிக்கும் நேரத்தில் இரண்டு தடவை செய்தால் போதும், முடிவெடுக்கும் நேரத்தில் செய்ய ஆரம்பித்தால் கடிகாரம் ஓடிவிடும்.

காபி வேண்டாம். குடித்ததில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் போல ஆகும், ஒன்பது மணிக்குக் குடித்தால் ராத்திரி இரண்டு மணிக்கும் உடம்பில் இருக்கும். காபியால் வரும் படபடப்பையும் பயத்தால் வரும் படபடப்பையும் மூளையால் பிரித்துப் பார்க்க முடியாது. ஒரு வாய் தண்ணீர், பசித்தால் இரண்டு தேன்குழல். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இருக்கும் வீடு என்றால் செருப்பில்லாமல் காலை ஊன்றி உட்காருங்கள், குளிர்ச்சி கவனத்தைக் கீழே இழுத்து வைக்கும். இது ஆராய்ச்சி சொன்னது இல்லை, என் அனுபவம்.

எத்தனை வருடம் ஆடினால் படபடப்பு முழுவதும் போகும்?

போக வேண்டாம். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் 2014ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். மேடையில் பேச வேண்டியவர்களும் கணக்குப் போட வேண்டியவர்களும் பதற்றத்தை அடக்கி அமைதியாக முயன்றதைவிட, அதையே உற்சாகம் என்று எடுத்துக்கொண்டபோது நன்றாகச் செய்தார்கள். காரணம் எளிது: வேகமாக அடிக்கும் நெஞ்சை நிறுத்துவது கஷ்டம், அதற்கு வேறு பெயர் கொடுப்பது சுலபம்.

2003ல் லாஸ் வேகாஸில் நடந்த உலக போக்கர் தொடரின் முக்கியப் போட்டியை ஜெயித்த கிறிஸ் மணிமேக்கர், அமெரிக்காவின் டென்னசியில் கணக்காளராக வேலை பார்த்தவர். நூறு டாலருக்கும் குறைவாகக் கட்டி ஆன்லைனில் தகுதி பெற்று வந்தவர். நேரில் உட்கார்ந்து ஆடும் டோர்னமென்ட் அவருக்கு அதுவே முதல். 839 பேர், முதல் பரிசு 25 லட்சம் டாலர். கடைசியில் எதிரே இருந்தது சாமி ஃபார்ஹா என்ற பழுத்த தொழில்முறை ஆட்டக்காரர். கையில் ஒன்றும் இல்லாமல் மொத்த சிப்ஸையும் நடுவில் தள்ளி, அந்த ஃபார்ஹாவையே கார்டை வீச வைத்தார் மணிமேக்கர். புதியவருக்குப் படபடப்பு இல்லாமலா இருந்திருக்கும்?

நான் முன்பு காசு வைத்து ஆடியவன். கடன் இருக்கிறது. இப்போதும் போனில் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குகிறது. உங்கள் குழுவில் சேரலாமா?

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. சிப்ஸ் இலவசமாக இருந்தாலும் திரையும் பட்டனும் அந்தச் சத்தமும் அதேதான், பழைய பசியைக் கிளப்பிவிடும். உங்களை ஒதுக்குவதற்காக இதைச் சொல்லவில்லை.

14416க்கு அழையுங்கள். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104லும் மனநல ஆலோசனை கிடைக்கும். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு தடவையாவது வந்திருந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள், இன்றைக்கே அழையுங்கள். ஆட்டச் செயலி என்ற பெயரில் மோசடி செய்து பணத்தை எடுத்திருந்தாலோ, கடன் செயலிக்காரர்கள் போட்டோவை வைத்து மிரட்டினாலோ 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், அல்லது மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள். பணம் போன கொஞ்ச நேரத்திலேயே சொன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

கடன் எவ்வளவு என்று முழுத்தொகையையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள். அப்பச்சியிடம், அதாவது அப்பாவிடம் சொல்லப் பயமாக இருந்தால் அத்தையிடமோ மூத்தவரிடமோ சொல்லலாம். குறைத்துச் சொல்லாதீர்கள், பாதியைச் சொன்னால் மறைத்த பாதி திரும்ப ஆட வைக்கும். யாரிடம் தொடங்குவது என்று தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள், நான் உங்களோடு வந்து உட்காருகிறேன்.